முகத்துக்கு ஏற்ற வில்லை

இண்டூர் போன்ற நம் ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களில் தொங்கும் முன்னோர் படங்களை நேயர்கள் பார்த்திருக்கக் கூடும். முழங்கால்மேல் கையூன்றி, இமை கொட்டாமல் நேரே நோக்கி வீற்றிருப்பார்கள். சிரிப்பைக் காண்பது அரிது. அந்த இறுக்கத்துக்கு அக்கால வழக்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் காமிராவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1839-ஆம் ஆண்டில் டாகேர் கண்ட படமெடுக்கும் முறை பாரிஸ் நகரில் வெளியிடப்பட்டது. அவருடைய காமிராவில் இருந்த வில்லை சிறு துவாரம் உடையது. உட்புகும் ஒளி சொற்பம். நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்குப் பல நிமிஷங்கள் பிடித்தன. கட்டடம் காத்திருக்கும்; மனிதன் எங்ஙனம் காத்திருப்பான்? தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புக் கவை வைத்துத் தாங்கினார்கள்.

இக்குறையைத் தீர்த்தவர் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசப் பெட்ஸ்வால். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதே அன்றைய வழக்கம். அவரோ கணக்கிட்டே வில்லையை வகுத்தார். கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படையினர் சிலர் அவருக்கு உதவினர். 1840-இல் ஃபாக்ட்லாண்டர் தொழிலகம் அதைச் செய்து தந்தது. அதன் துவார அளவு எஃப் 3.6. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண். எண் குறையக் குறைய ஒளி பெருகும். டாகேரின் வில்லையைவிட இது 15 மடங்குக்கு மேல் ஒளியை ஏற்றது. படத்தகட்டைப் பக்குவப்படுத்தும் ரசாயன முறைகளும் திருந்தவே, நிமிஷக் கணக்கு விநாடிக் கணக்காயிற்று.

ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் விழும். முகத்துக்கு அது அழகு. கோபுரத்துக்கு அது ஆகாது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் சென்னை அரசாங்கத்துக்காக மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தபோது, தூணின் ஒவ்வொரு விளிம்பும் அவருக்குத் துலங்க வேண்டியிருந்தது. கல் அசையாது, ஆகவே சிறு துவாரத்துடன் நெடுநேரம் பொறுத்திருக்க அவரால் முடிந்தது.

அடுத்த பெரும் மாற்றம் 1924-இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது. லுட்விக் பெர்ட்டெலே வகுத்த எர்னோஸ்டார் வில்லை எஃப் 2 அளவை எட்டியது. அவ்வகை வில்லை பொருத்திய எர்மனாக்ஸ் காமிராவைக் கொண்டு எரிக் சாலமன் என்பவர் 1928 முதல் நீதிமன்றங்களிலும் மாநாடுகளிலும், மின்வெட்டொளி இன்றி, விளக்கு வெளிச்சத்திலேயே படமெடுத்தார். உலகத் தலைவர்கள் கொட்டாவி விடுவதும் குசுகுசுப்பதும் அன்றுதான் படமாயின. யூதரான அவர் 1944-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் எடுத்த முகங்கள் நிலைத்துள்ளன.

இன்று முழு அளவுக் காமிராவில் முகம் எடுப்போர் 85 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 1.8 துவாரமும் உடைய வில்லையை விரும்புகின்றனர். எட்ட நின்று எடுப்பதால் மூக்கு பெரிதாகத் தெரியாது. மாலை விளக்கொளியும் போதும். ஆனால் துவாரம் அகல அகலத் தெளிவின் ஆழம் குறையும். கண் துலங்கும்போது காது மங்கும். பாட்டி ஒருத்தியைத் திண்ணையில் தனியே எடுக்க அது போதும். பேரக்குழந்தைகள் சூழ இருந்தால் துவாரத்தைக் குறுக்கியே ஆக வேண்டும்.

ஆதலின் வில்லை வாங்கப் போகிறவர், யாருடைய முகத்தை எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். கடைக்காரரிடம் விலையைப் பிறகு கேட்கலாம்.