இருமுறை வீழ்ந்து இருமுறை எழுந்த அணி – பயிற்றுநர் கே. ராஜகோபால்



மலேசியக் காற்பந்து வரலாற்றைப் பேசத் தொடங்கினால் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் என்று ஆட்டக்காரர்களின் பெயர்களையே அடுக்குவது நம் வழக்கம். திடலின் ஓரத்தில் நின்று அவர்களை ஆட்டுவித்த பயிற்றுநர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அத்தகையோருள் ஒருவரான கே. ராஜகோபாலைப் பற்றி எங்கள் பள்ளி மாணவர்களுக்காகத் திரட்டிய குறிப்புகளை இங்கே கட்டுரையாக்கித் தருகிறேன்.

ராஜகோபால் 1956ஆம் ஆண்டு கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூர், கோலாலம்பூர் ஆகிய அணிகளில் பக்கவாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரராக விளையாடியவர். பின்னர்ப் பயிற்றுநராகி, தேசிய இளையோர் அணிகளைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார். இளையோர் அணியின் ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் திரள்வதில்லை. நாளிதழ்களில் பெரிய எழுத்துச் செய்தியும் வருவதில்லை. அந்த ஆரவாரமற்ற ஆண்டுகளில் செய்த பணியே பின்னாளில் அவருக்குப் பெயரைத் தந்தது.

2009ஆம் ஆண்டில், பி. சத்தியநாதனுக்குப் பிறகு தேசிய அணியின் பொறுப்பு ராஜகோபாலிடம் வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் நம் அணி சொந்த மண்ணிலேயே ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–5 எனத் தோற்றிருந்தது. இரசிகர்கள் மனம் வெறுத்திருந்த காலம் அது.

அதே ஆண்டு டிசம்பரில் லாவோசில் சீ விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போது 23 வயதுக்குட்பட்டோர் ஆடிய இப்போட்டியின் பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றோம். எனினும் தாய்லாந்தை 2–1 என வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம். அங்கே லாவோசை வீழ்த்தினோம். டிசம்பர் 17 அன்று வியந்தியானில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரில் நின்றது அதே வியட்நாம். ஆட்டம் முடியும் தறுவாயில் வியட்நாம் தற்காப்பு ஆட்டக்காரரின் காலில் பட்ட பந்து அவர்கள் வலைக்குள்ளேயே புகுந்தது. 1–0. 1989க்குப் பிறகு, இருபது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தங்கம் அது.

மறு ஆண்டு ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணப் போட்டிக்கு வயது வரம்பில்லை. இருந்தும் ராஜகோபால் தம் இளைஞர்களையே பெரிதும் நம்பினார். 2010 டிசம்பர் 1 அன்று ஜகார்த்தாவில் இந்தோனேசியா நம்மை 5–1 எனப் புரட்டி எடுத்தது. அடுத்து தாய்லாந்துடன் கோலின்றிச் சமநிலை; பின்னர் லாவோசுக்கு எதிராக 5–1 வெற்றி. அரையிறுதியில் வியட்நாமை 2–0 என வென்று, ஹனோயில் நடந்த இரண்டாம் ஆட்டத்தை 0–0 எனக் காத்துக்கொண்டோம். இறுதியில் மீண்டும் இந்தோனேசியா! அதுவரை அப்போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்த அணி.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். பார்வையாளர் பகுதியிலிருந்து சிலர் லேசர் ஒளியைப் பாய்ச்ச, இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறினர். ஆட்டம் சில நிமிடங்கள் தடைபட்டது. வெற்றியைக் கொண்டாடும் நாம் இந்தக் கறையையும் மறைக்கலாகாது. ஆட்டம் தொடர்ந்ததும் சாஃபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி சம்சுடின் ஒரு கோலும் அடித்தனர். டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் 21 வயதுக் கோல் காவலர் கைருல் ஃபாஹ்மி ஒரு பெனால்டியைத் தடுத்தார். அவ்வாட்டத்தில் 1–2 எனத் தோற்றாலும் 4–2 என்ற மொத்தக் கோல் கணக்கில் கிண்ணம் நம்முடையதாயிற்று. ஐந்து கோல்களுடன் சாஃபி போட்டியின் முன்னணிக் கோலடிப்பாளர் ஆனார். டிசம்பர் 31ஐ அரசு பொது விடுமுறையாக அறிவித்தது. பள்ளிகளோ ஏற்கெனவே ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தன!

இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் எந்த அணியிடம் அடிவாங்கினோமோ, அதே அணியை இறுதியில் வென்றிருக்கிறோம். இதனை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் தோல்வியிலேயே பிள்ளைகள் மீது நம்பிக்கை இழக்காத ஒருவர் அங்கே இருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

வெற்றி தொடரவில்லை என்பதும் வரலாறே. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3–5, 1–1 என வெளியேறினோம். 2012இல் ஆசியான் கிண்ண அரையிறுதியில் தாய்லாந்து நம்மைத் தடுத்தது. 2013 இறுதியில் ராஜகோபால் பொறுப்பிலிருந்து விலகினார். ஆயினும் 2024ஆம் ஆண்டுப் போட்டி வரையில், மலேசியா வென்ற ஒரே ஆசியான் கிண்ணம் 2010இல் அவர் பெற்றுத் தந்ததுதான்.

எங்கள் பெக்கான் நானாசின் கரிமண்ணில் அன்னாசிக் கன்றை நட்டவர், காய் காண ஓராண்டுக்கும் மேல் காத்திருக்கிறார். இடையில் பிடுங்கிப் பார்ப்பதில்லை. ஆனால் மாணவர் காற்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டம் தோற்றால், "சார், அந்தப் பையனை மாற்றிவிடுங்கள்" என்ற குரல் உடனே எழுகிறது. நீக்கப்படுபவன் பத்து வயதுச் சிறுவன். பெரும்பாலும் அவன் மறுபடியும் காலணி அணிந்து திடலுக்கு வருவதேயில்லை. அவன் வராமல் போவதுதான், தோற்ற ஆட்டத்தைவிடப் பெரிய இழப்பு.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை அக்குரல் எழும்போது 5–1 என்ற அந்த எண்ணிக்கையைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு 28 நாளில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.