பொம்மை என்ன பாவம் செய்தது?

1922-ல் மார்ஜரி வில்லியம்ஸ் எழுதிய ‘தி வெல்வெட்டீன் ராபிட்’ என்ற குழந்தைக் கதை தெரியுமா? பையனுக்கு ஸ்கார்லெட் ஜுரம். எப்படியோ பிழைத்துக்கொள்கிறான். உடனே டாக்டர் ஓர் உத்தரவு போடுகிறார். அவன் கட்டிக்கொண்டு தூங்கிய துணி முயலை எரித்துவிட வேண்டுமாம்!

கதைதானே என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிஜமாகவே இப்படிச் செய்தார்கள். பள்ளிக்கு லீவு, புத்தகமும் பொம்மையும் நெருப்புக்கு. அவ்வளவு பயம். காரணம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி. முதலில் வெறும் தொண்டை வலிதான். கூடவே உடம்பு சிவந்தால் ஸ்கார்லெட் ஜுரம். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கினால் ருமாட்டிக் ஜுரம். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு இதய வால்வு கெட்டுப்போயிருக்கும்.

சரி, இது பரவுவது பொம்மையிலா, போர்வையிலா? விடை கிடைத்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, பட்டாளத்தில்!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஃபோர்ட் வாரன் விமானப்படைத் தளம். நெருக்கியடித்துத் தூங்கும் பயிற்சி வீரர்கள். 1949-ல் சார்லஸ் ராமல்கேம்ப் தலைமையில் ஒரு டாக்டர் குழு அங்கே வேலையை ஆரம்பித்தது. பின்னாளில் அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். தொண்டை நோயாளிகள் போர்த்திய கம்பளிகளை அப்படியே எடுத்துப் புது வீரர்களுக்குக் கொடுத்தார்கள். (நினைத்தாலே உடம்பு கூசுகிறது, இல்லையா?) ஊஹூம்! துவைத்த கம்பளிக்காரர்களைவிட இவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. காய்ந்துபோன கிருமிக்கு வீரியம் இல்லை. கிருமி உள்ளவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தவனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே பெஞ்சில் ஆறு பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையை யோசித்துப் பாருங்கள்.

இதே முகாமில் இன்னொரு சோதனையும் நடந்தது. தொண்டை நோய் வந்த 798 பேருக்கு பென்சிலின். 804 பேருக்குக் கிடையாது. முதல் கூட்டத்தில் 2 பேருக்கு ருமாட்டிக் ஜுரம் வந்தது. இரண்டாவது கூட்டத்தில் 17 பேருக்கு! 1950-ல் முடிவு வெளியானது. இந்தத் தொண்டை வலிக்கு டாக்டர்கள் ஆன்டிபயாடிக்கை முழுசாகச் சாப்பிடச் சொல்வதன் வேர் இங்கேதான். மருந்து தொடங்கி 12 முதல் 24 மணி நேரம் ஆகி, ஜுரமும் விட்டிருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறார்கள். அதுவரை வீட்டில் வைத்திருப்பதுதான் மற்ற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

சரி, அந்த 17 பேர்? மருந்து பலிக்குமா என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தெரிந்த பிறகும் இந்த மாதிரி சோதனைகள் நிற்கவில்லை. 1966-ல் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி பீச்சர், முறைகேடான மருத்துவச் சோதனைகள் என்று 22 உதாரணங்களை வெளியிட்டார். பென்சிலின் மறுக்கப்பட்ட 109 ராணுவத்தினர்தான் அதில் முதல் உதாரணம். இரண்டாவது உதாரணமும் ராணுவம்தான், அதே தொண்டை நோய்தான். தங்களை வைத்து சோதனை நடக்கிறது என்பதே அந்த வீரர்களுக்குத் தெரியாது. அவர்களில் குறைந்தது 25 பேருக்கு ருமாட்டிக் ஜுரம் வந்தது.