நுரையீரல் உறைச் சீழ்த்தேக்கம்

நுரையீரல் உறைச் சீழ்த்தேக்கம் அல்லது எம்பையீமா என்பது நுரையீரலைச் சூழ்ந்துள்ள இரு உறைகளுக்கு இடையே பாக்டீரியாத் தொற்றினால் சீழ் தேங்கும் நோயாகும். பெரும்பாலும் இது நிமோனியாவின் தொடர்ச்சியாகத் தோன்றுகிறது. மருந்தினால் மட்டும் இந்நோய் பொதுவாகக் குணமாவதில்லை. சீழை வெளியேற்றுவது இன்றியமையாதது.

நோய் முற்றும் விதம்

இயல்பு நிலையில் உறைகளுக்கு இடையே சில மில்லிலிட்டர் நீர்மமே இருக்கும். தொற்றின்போது முதலில் தெளிந்த நீர் மிகுதியாகச் சேர்கிறது. பின்னர் அது சீழாகிச் சிறு சிறு அறைகளாகப் பிரிகிறது. இறுதியில் தடித்த நார்த்தோல் உருவாகி, நுரையீரலை விரியவிடாமல் இறுக்குகிறது.

அறிகுறிகள்

காய்ச்சல், இருமல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எடை குறைதல் ஆகியன அறிகுறிகளாகும். நிமோனியாவிற்கு மருந்து அளித்தும் காய்ச்சல் தணியாவிடில் இந்நோயை ஐயுற வேண்டும்.

நோய்க்காரணிகள்

நியூமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியாக்கள் ஆகியன முக்கியமானவை. காசநோயினாலும் சீழ் தேங்கக்கூடும்.

நெல் வயல்களும் மெலியாய்டோசிஸும்

தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை போன்ற நெல் விளையும் பகுதிகளில் கருத்திற்கொள்ள வேண்டிய மற்றொரு காரணி, பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியா ஆகும். வெப்பமண்டல நாடுகளின் ஈரமண்ணிலும் வயல்நீரிலும் வாழும் இது மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்குகிறது. தோல் காயம் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலினுள் நுழைகிறது. நடவு, களையெடுப்பு ஆகிய சேற்று வேலைகளைச் செய்வோருள் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி. இந்நோய் நுரையீரலைத் தாக்கும்போது உறையிலும் சீழ் கட்டலாம்.

நாட்பட்ட நிலையில் இது காசநோயை ஒத்திருப்பதால், தவறுதலாகக் காசநோய் மருந்து தரப்படுவதுண்டு. சீழைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துச் சோதிப்பதே இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவும். தமிழ்நாட்டிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதுபற்றிய ஆய்வுகளை வெளியிட்டுள்ளது.

மருத்துவம்

எக்ஸ் கதிர்ப் படம், மீயொலி ஆகியவற்றால் நீர்மத்தின் இருப்பிடம் அறிந்து, ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்கப்படுகிறது. சீழ் இருந்தாலோ, நிமோனியாவுடன் தேங்கிய நீர்மத்தின் pH அளவு 7.2-க்குக் குறைந்தாலோ விலா எலும்புகளுக்கு இடையே குழாய் செலுத்தி வடிக்கப்படுகிறது. குழாயின் மறுமுனை நீருக்குள் அமிழ்ந்திருப்பதால் வெளிக்காற்று உள்ளே செல்லாது. 1918-இல் அமெரிக்க இராணுவ முகாம்களில் பரவிய எம்பையீமாவை ஆராய்ந்த குழுவில் இடம்பெற்ற எவார்ட்ஸ் கிரகாம், தொடக்கத்திலேயே மார்பைத் திறந்தால் காற்று புகுந்து இறப்பு மிகுவதை உணர்த்தினார். நார்த்தோல் உருவான பின் அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

மெலியாய்டோசிஸுக்குச் செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் நரம்பூசியாகக் குறைந்தது 2 வாரங்களும், பின்னர் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதங்களும் தரப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.

தடுப்பு

தமிழ்நாட்டில் ஹீமோஃபிலஸ் பி வகைக்கு எதிரான ஐந்து கூட்டுத் தடுப்பூசி 2011 முதலும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதலும் குழந்தைகளுக்கு அரசால் வழங்கப்படுகின்றன. மெலியாய்டோசிஸுக்குத் தடுப்பூசி இல்லை. சேற்றில் இறங்குவோர் காயங்களை மூடிக்கொள்வதும் நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதும் பயன் தரும்.