ட்ரிபிள் ஈ எடுத்த லலிதா

பி.காம் படிக்கிறவனுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாது! ஆனால் போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. சித்தப்பா மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் வருகிறது. அவள் ட்ரிபிள் ஈ என்கிறாள். சித்தப்பாவோ, "பொண்ணு போய் சப்ஸ்டேஷன்ல நிப்பியா? பேசாம கம்ப்யூட்டர் எடு" என்கிறார். கடைசியில், "நீயாவது சொல்லுடா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் ஒரு கதை சொன்னேன். எங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து அதிக தூரமில்லாத கிண்டி பொறியியல் கல்லூரியில் நடந்த கதை. 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920ல் கிண்டிக்கு இடம் மாறிய கல்லூரி அது.

1919ல் சென்னையில் பிறந்தவர் லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் விதவைப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் லலிதா படிப்பைத் தொடர்ந்தார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார்.

அடுத்து என்ன படிப்பது? படித்த பெண் என்றால் அன்று டாக்டர்தான். டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள், குழந்தையை யார் பார்ப்பது? காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலை வேண்டும் என்று யோசித்தார். வீட்டிலோ அப்பாவும் சகோதரர்களும் இன்ஜினியர்கள். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசினார், இடம் கிடைத்தது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி! பிறகு சிவில் பிரிவில் லீலம்மா ஜார்ஜ், தெரசியா என்று இருவர் சேர்ந்தார்கள்.

1943ல் லலிதா பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர். சான்றிதழில் 'ஹி' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'ஷி' என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம்!

1944ல் சிம்லாவில் வேலை. 1948ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ். மின்கடத்தல் பாதைகள், துணை மின்நிலையங்கள் வடிவமைப்பு... பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1964ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போய் வந்தார். 1979ல் மறைந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது 'முதல் பெண்' என்கிற பட்டம் அல்ல. நாமெல்லாம் "எதுக்கு ஸ்கோப் இருக்கு?" என்றுதான் கேட்கிறோம். நானும் பி.காம் சேரும்போது அதைத்தான் கேட்டேன். லலிதா கேட்டது வேறு. "என் வாழ்க்கைக்கு எந்த வேலை ஒத்துவரும்?" யாரும் போகாத வழியை அவர் வீம்புக்காக எடுக்கவில்லை. தன் குழந்தையைக் கணக்கில் வைத்து எடுத்தார். கணக்கு படிக்கிற எனக்கு அது சரியான கணக்காகத்தான் தெரிகிறது.

கதை முடிந்ததும் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. தங்கைதான், "அந்தக் குழந்தை என்னண்ணா ஆச்சு?" என்றாள்.

வளர்ந்து, படித்து, தன் அம்மாவின் கதையை உலகத்துக்குச் சொன்னதே அந்தக் குழந்தைதான் என்றேன். சித்தப்பா எழுந்து போய் கவுன்சலிங் புத்தகத்தை எடுத்து வந்தார். என்ன முடிவு எடுப்பார்களோ, அது அவள் பாடு!