கம்பிச்சடக்கும் இரு தமிழும்: சிரம்பான்–போர்ட்டிக்சன் கிளைப்பாதை

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 1891-இல், சிரம்பானைப் போர்ட்டிக்சன் துறைமுகத்தோடு இணைக்கும் ஏறத்தாழ 39 கிலோமீட்டர்ப் பாதையைச் சுங்கை ஊஜோங் இரயில்வே என்னும் தனியார் நிறுவனம் அமைத்தது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதே அதன் தலையாய நோக்கம். 1908-இல் அப்பாதை அரசு இரயில்வேயின் உடைமையாயிற்று.

அதற்கு முன்பே அதன் தனிச்சிறப்புக் குன்றத் தொடங்கியிருந்தது. 1903-இல் முதன்மைப் பாதை வடக்கிலிருந்து சிரம்பானை எட்டவே, சரக்குகள் கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்திற்குச் செல்லவும் வழி பிறந்தது. எனினும் இரப்பர்த் தோட்டங்கள் கிளைப்பாதைக்கு வாழ்வளித்தன. பின்னாளில் பயணிகள் வண்டி நின்றது. எண்ணெய் வண்டிகளும் ஓய்ந்தன. இன்று அப்பாதையில் இரயில் ஓடுவதில்லை.

மொழி மாணவர் நோக்கில், இந்நிலையங்கள் இருவகைத் தமிழ் சந்தித்த இடங்கள். நிலைய அதிபராகவும் கிராணியாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். தண்டவாளம் செப்பனிட்டோரும் தோட்டத்தில் பால் வெட்டியோரும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தோர். ஒருவர் ‘வாறன்’ என்றால் மற்றவர் ‘வர்றேன்’ என்பார். ஒருவர் ‘கதைக்க’, மற்றவர் ‘பேசுவார்’. தோட்ட மக்கள் சாலையைச் ‘சடக்கு’ என்றனர். அது இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். இரும்புக் கம்பி பதித்த சாலை ‘கம்பிச்சடக்கு’ ஆயிற்று. புதிய பொருளுக்குத் தாமே பெயரிட்டவர்கள் ஏடறியாத் தொழிலாளர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இதே மாநிலத்துத் தம்பினிலிருந்து மலாக்கா சென்ற பாதையின் கதை வேறு. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் சயாம்–பர்மா இரயில்பாதைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன, மீண்டும் அமைக்கப்படவில்லை. அப்பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களின் தமிழரும் பல்லாயிரவராகக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். ‘சயாம் மரண இரயில்’ என்னும் தொடரில் அத்துயரம் உறைந்துள்ளது.

கட்டடம் இடிந்தாலும் வரைபடத்திலும் அரசு ஆவணத்திலும் அதன் தடம் எஞ்சும். தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் காலியாகும்போது, அங்கு வழங்கிய சொற்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. ‘கம்பிச்சடக்கு’ என்றால் என்னவென்று இன்றைய மாணவரிடம் வினவினால், விடை கூறுவோர் சிலரே. ஆகவே, ஆசிரியர்கள் மாணவரைத் தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்புவார்களாக. கேட்ட சொல், சொன்னவர் வாழ்ந்த தோட்டம், சொல்லப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்தால் போதும். தண்டவாளத்தை நம்மால் மீட்க இயலாது. அதற்கு நம்மவர் இட்ட பெயரை மீட்க இன்னும் காலம் இருக்கிறது.