தார் காணாத தடங்கள்

பிரான்சின் காட்டு வழிகளிலும் ஆற்றங்கரைப் பாதைகளிலும் இன்று பரவிவரும் ‘கிராவல்’ சைக்கிளோட்டம், அதாவது தார் பூசாத ஜல்லி வழிகளிலும் மண் வழிகளிலும் அகன்ற டயர் கொண்ட சைக்கிளில் நெடுந்தூரம் செல்லும் வழக்கம், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த புதுமையாகவே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. பெயரும் பந்தய வடிவமும் அங்கிருந்து வந்தவை என்பது உண்மைதான். கன்சாஸ் மாநிலத்தின் சரளைச் சாலைகளில் 2006-இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இந்த விளையாட்டு உலகெங்கும் அறியப்படப் பெருங்காரணமாயிற்று. ஆனால் வழக்கம் மிகப் பழையது. சைக்கிள் தோன்றிய முதல் அரை நூற்றாண்டில், கல் பாவிய சில நெடுஞ்சாலைகளும் நகரத் தெருக்களும் நீங்கலாக, பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஜல்லி வழியைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. இன்று அந்தச் சைக்கிள்கள் ஓடும் தடங்களோ சைக்கிளைவிட மூத்தவை. அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு சட்டத்தாலும் பெயர் தெரியாத பலரின் உடலுழைப்பாலும் உருவானவை. அவற்றை இயற்கை தானாக விட்டுவைத்த பாதைகள் என்று கருதுவது அந்த உழைப்பை மறப்பதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லிமோழ் வட்டாரத்தில் பணியாற்றிய பொறியாளர் த்ரெசாகே, அடியில் பெரிய கற்களை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் சிறிதாக உடைத்த கற்களைப் பரப்பி, மழைநீர் இருபுறமும் வடிந்தோடும் வண்ணம் சாலையின் நடுவைச் சற்றே உயர்த்தி அமைக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இத்தகைய சாலை ஓயாத பராமரிப்பு இருந்தால்தான் நிலைக்கும் என்பதால், குறிப்பிட்ட நீளச் சாலைக்கு ஒருவர் பொறுப்பு என்ற ஏற்பாடு வேரூன்றியது. ‘கந்தோனியே’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சாலைப் பணியாளர், ஓரத்தில் குவித்த கல்லைச் சுத்தியலால் உடைத்து, வண்டிச் சக்கரம் அறுத்த தடங்களில் இட்டு நிரப்பி, வாய்க்காலைத் தூர்வாரி, மறு மழைக்குப் பிறகு அதே வேலையை மீண்டும் தொடங்குவார். ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளுக்கு இந்த வசதி வர 1836 மே 21-ஆம் நாள் சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டம் ஒவ்வொரு கிராம நிர்வாகமும் தன் சாலைகளைப் பேணியாக வேண்டும் என்று கட்டாயமாக்கியதோடு, 18 முதல் 60 வயது வரையுள்ள உடல்வலுவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை சாலை வேலை செய்யவோ அதற்கு ஈடான பணம் கட்டவோ வேண்டும் என்றும் விதிக்க இடமளித்தது. வண்டிக்கும் இழுவை மாட்டுக்கும் குதிரைக்கும் அதே கணக்குதான். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் வயலையும் தோப்பையும் சுற்றிச் செல்லும் சிறு வழிகளின் அடர்த்தியைக் கண்டு வியப்பவர்கள், அதற்குப் பின்னால் குடியானவர்களின் இந்த மூன்று நாள் கூலியற்ற வேலை இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

காட்டு வழிகளின் கதை அரசரின் வேட்டையோடு பிணைந்தது. பாரிசுக்கு வடக்கே உள்ள கொம்பியேன் காட்டில் ஒரு நடுப்புள்ளியிலிருந்து எட்டுத் திசையிலும் நேர்கோடாகப் பிரியும் நட்சத்திர வடிவச் சந்திப்புகள் பல உண்டு. வேட்டைநாய்கள் மானைத் துரத்துவதைத் தொலைவிலிருந்தே காணவும், வண்டிகளில் பின்தொடரவும் வசதியாக அவை வெட்டப்பட்டன. சந்திப்புகளில் நிற்கும் வெள்ளைக் கம்பங்களில் தீட்டிய சிவப்புக் குறி அரண்மனை இருக்கும் பக்கத்தைக் காட்டுகிறது. அரசர்கள் போன பின்னும் வழிதவறியவர்கள் அதை வைத்தே திசை அறிகின்றனர். பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் 1669-இல் நீர்நிலைகளுக்கும் காடுகளுக்கும் சேர்த்து வெளியிட்ட பேராணை மரம் வெட்டுவதை ஒழுங்குபடுத்தியது. 1824-இல் நான்சியில் வனவியல் பள்ளி தொடங்கிய பிறகு, வேட்டைச் சாலைகளோடு மரம் இழுக்கும் சாலைகளும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. இன்று காட்டுக்குள் சைக்கிள் ஓடும் கெட்டியான ஜல்லிச் சாலையில் பெரும்பகுதி மர லாரிகளின் எடையைத் தாங்குவதற்காகப் போடப்பட்டது.

அதே 1669 ஆணையில் ஆற்றங்கரைப் பாதையின் பிறப்புச் சீட்டும் இருக்கிறது. படகு ஓடும் ஆற்றின் கரையில் நிலம் வைத்திருப்பவர்கள், குதிரைகள் படகை இழுத்துச் செல்லும் பக்கத்தில் 24 அடி அகலத்தையும் எதிர்க்கரையில் 10 அடியையும் வெறுமையாக விட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அக்காலப் பிரெஞ்சு அடி ஏறத்தாழ முப்பத்திரண்டரை சென்டிமீட்டர். அதனால்தான் இன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் 7.80 மீட்டர், 3.25 மீட்டர் என்ற முழுமையற்ற இரு எண்கள் அப்படியே நிற்கின்றன. புரட்சியும் பேரரசும் குடியரசுகளும் அளவுகோலை மாற்றினவே தவிர, கரையின் அகலத்தில் கைவைக்கவில்லை. ‘ஷெமேன் த ஆலாழ்’ எனப்படும் இந்த இழுபாதை, தென்மேற்கில் லொத் ஆற்றின் கரையில், புஸியேஸ் என்னும் ஊருக்கும் சேன்-சிர்-லபோப்பிக்கும் இடையே தன் மிகக் கடினமான உருவத்தை எடுக்கிறது. அங்கே செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை நேரே ஆற்றில் இறங்குவதால் கரையென ஒன்று இல்லை; ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறையின் பக்கவாட்டையே குடைந்து, தலைக்குமேல் கல் கூரையாகவும் ஒரு பக்கம் ஆறு திறந்தும் இருக்குமாறு பாதை செதுக்கப்பட்டது. அவ்வழியே செல்பவரின் ஒரு தோளருகே உளி பட்ட பாறையும் மறு தோளருகே ஓடும் நீரும் இருக்கும். அதற்குப் பின் வந்த ரயில் படகுத் தொழிலை அழித்தது. பிறகு கிளை ரயில் பாதைகளே மூடப்பட்டு, அவற்றின் தடங்களும் சைக்கிளுக்கு வந்தன. புர்கோஞ் பகுதியில் ழிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே 1997-இல் திறக்கப்பட்ட 44 கிலோமீட்டர் ‘பசுமை வழி’ அவ்வகையில் முன்னோடி. ஆயினும் அது தார் பூசிய வழி என்பதால் இங்கே நீண்ட இடம் கோரவில்லை.

இந்தத் தடங்களில் சைக்கிளைப் பந்தயத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை முறையாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் போல் த விவி. தெற்கே பெர்ன் ஊரில் 1853-இல் பிறந்து, பட்டு வணிகராக இருந்து, சேந்த்-எத்தியேன் நகரில் சைக்கிள் கடை வைத்த அவர், 1887-இல் தொடங்கிய இதழில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதினார். மறு ஆண்டு முதல் ‘லெ சிக்லிஸ்த்’ என்று பெயர் பெற்ற அவ்விதழ், சைக்கிளில் ஊர் சுற்றுவதைக் குறிக்கும் ‘சிக்லோதூரிஸ்ம்’ என்ற சொல்லைப் பிரெஞ்சு மொழியில் நிலைபெறச் செய்தது. நகரை ஒட்டி 1,161 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ரெபுப்ளிக் கணவாயே அவருடைய சோதனைக்கூடம். ஒரே பற்சக்கரத்தில் அந்த ஏற்றத்தை மிதிப்பது முழங்காலை வதைக்கும் என்று கண்ட அவர், ஏற்றத்துக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று எனப் பல கியர்கள் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். சரளைக் கல்லில் ஒல்லியான, இறுக்கமாகக் காற்றடித்த டயரைவிட அகன்று மென்மையான டயரே மேல் என்றும் வற்புறுத்தினார். பந்தய உலகம் செவிசாய்க்கவில்லை. 1903-இல் தொடங்கிய தூர் த பிரான்ஸ் பந்தயத்தில், ஓடும்போதே சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் ‘டெரெய்லர்’ கருவிக்கு எல்லாப் போட்டியாளர்க்கும் அனுமதி கிடைத்தது 1937-இல்தான். வெலோசியோ அதைக் காணவில்லை. 1930-இல் சேந்த்-எத்தியேன் தெருவில் டிராம் மோதி இறந்தார். தொழில்நுட்பத்தில் அவர் வேண்டியது அனைத்தும் இன்றைய ஜல்லிப்பாதைச் சைக்கிளில் இருக்கிறது என்பது அவருக்கு உரிய மரியாதையோடு அடிக்கடி நினைவுகூரப்பட வேண்டிய செய்தி.

இதற்கிடையே சாலைகளே மாறிக்கொண்டிருந்தன. மோட்டார் கார் கிளப்பிய புழுதியை அடக்க மருத்துவர் குக்லியெல்மினெத்தி 1902-இல் மொனாக்கோவில் சாலைமீது சூடான தாரை ஊற்றிச் சோதித்தார். முதல் உலகப்போருக்குப் பின் நெடுஞ்சாலைகளிலும், இரண்டாம் போருக்குப் பின் சிறு சாலைகளிலும் தார் பரவியது. இடைப்பட்ட காலமே பிரெஞ்சுச் சுற்றுலாச் சைக்கிளின் பொற்காலம். 1934 முதல் நடந்த இயந்திரப் போட்டிகளில், எடை குறைந்த சைக்கிள்கள் கரடுமுரடான மலைவழிகளில் ஓட்டப்பட்டு, எது தளர்ந்தது, எது உடைந்தது என்று பார்க்கப்பட்டன. அலெக்ஸ் சிங்கர், ரெனே எர்ஸ் போன்ற கைவினைக் கட்டுநர்கள் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். 1936-இல் தொழிலாளர்க்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு கிடைத்தபோது, இரட்டைச் சைக்கிளில் ஊரைவிட்டுப் புறப்பட்ட இணைகள் அந்தக் கோடையின் அடையாளமாயினர். அக்காலத்தவர் விரும்பிய ‘650 பி’ என்னும் சக்கரத்தின் ரிம், டயர் அமரும் இடத்தில் 584 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. காரும் மொபெட்டும் பெருகியபின் அந்த அளவு ஏறத்தாழ வழக்கொழிந்து, பின்னர் மலைச் சைக்கிளுக்கு 27.5 அங்குலம் என்ற புதுப்பெயரில் திரும்பி வந்து, இப்போது ஜல்லிப்பாதைச் சைக்கிள்களிலும் ஓடுகிறது.

தடங்களுக்கு நேர்ந்த இழப்பு அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. சிதறிய நிலத் துண்டுகளை ஒன்றாக்கி உழவருக்குப் பெரிய வயல்களாகப் பங்கிட்ட ‘ரமாம்ப்ரமான்’ திட்டம் 1960-களிலும் 1970-களிலும் முழுவேகத்தில் நடந்தபோது, வேலிமேடுகளோடு அவற்றை ஒட்டிய வண்டித்தடங்களும் உழுது அழிக்கப்பட்டன. பிரத்தாஞ் பகுதியில் இந்தக் காயம் ஆழமானது. அங்கே 1984-இல் பிரத்தோன் மொழிப் பள்ளிகளுக்கு நிதி திரட்டத் தொடங்கிய ‘த்ரோ ப்ரோ லெயோன்’ பந்தயம், எஞ்சிய வயல்வழிகளைத் தேடிச் சென்று, ‘ரிபினு’ என்ற அவற்றின் பிரத்தோன் பெயரையும் நாடறியச் செய்தது.

கிராமத்துக்குச் சொந்தமான, ஆனால் பொதுச்சாலைப் பட்டியலில் சேராத இத்தகைய வழி சட்டத்தில் ‘ஷெமேன் ரூரால்’ எனப்படும். அது கிராமத்தின் தனிச்சொத்தாகவே கருதப்படுவதால், பக்கத்து நிலக்காரர் ஒவ்வொரு ஆண்டும் ஏரை ஒரு சாண் தள்ளி ஓட்டி, முப்பது ஆண்டு தடையின்றி அனுபவித்தால், அது அவருடையதாகிவிடக் கூடும். 2022 பிப்ரவரிச் சட்டம், கிராம மன்றம் தன் வழிகளைக் கணக்கெடுக்கத் தீர்மானித்த நாளிலிருந்து அந்த முப்பது ஆண்டுக் கணக்கை நிறுத்திவைக்கிறது. ஒரு வழி பொதுப் பயன்பாட்டில் உள்ளது என்று சட்டம் அனுமானித்துக்கொள்வதற்கு ஆதாரங்களுள் முதலாவதாகச் சொல்லப்படுவது, மக்கள் அதன் வழியே போய்வருவதுதான். நடப்பவரின் காலடியும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோட்டிகள் ஈர மண்ணில் விட்டுச்செல்லும் டயர்த் தடமும் அந்தப் போக்குவரத்தில் அடங்கும்.