யானை முத்திரைக் கேத்தலும் அம்மாவின் முற்றமும்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பி, அண்மையில் தொலைபேசியில் உரையாடியபோது, தன் வீட்டிற்குப் புதிதாக வந்து சேர்ந்த சாதனங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டான். சொன்னதும் விளக்கை ஏற்றும் பெட்டி, ஆளில்லாமலே நிலத்தைக் கூட்டும் இயந்திரம், வாசலில் நிற்பவரைக் கையடக்கத் தொலைபேசியில் காட்டும் அழைப்பு மணி எனப் பட்டியல் நீண்டது. இறுதியில், “அண்ணை, அம்மா தனிய இருந்த காலத்தில இதெல்லாம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியா இருந்திருக்கும்” என்றான். அந்த ஒரு வாக்கியம் என்னைச் சில நாட்களாக உறுத்திக்கொண்டிருந்தது. இக்கட்டுரைக்குக் காரணமும் அதுவே.

வீட்டுச் சாதனங்களுக்கு அறிவு புகட்டும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1969ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஹனிவெல் கம்பனியினது ‘சமையலறைக் கணினி’ ஒன்று, நீமன் மார்கஸ் என்ற ஆடம்பர அங்காடியின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. விலை 10,000 டொலருக்கும் அதிகம். சமையற் குறிப்புகளைச் சேமித்துத் தரும் என்றார்கள். ஆனால் அதனை இயக்குவதற்கு இல்லத்தரசி இரண்டு வாரப் பயிற்சி பெறவேண்டும். ஆளிகளை அழுத்தியும் ஒளிரும் விளக்குகளைப் படித்துமே அதனுடன் உறவாடவேண்டும். அதில் ஒன்றேனும் விற்பனையானதற்குச் சான்று இல்லை.

1990இல் ஜோன் ரொம்கி என்பவர் பாண் வாட்டும் கருவியொன்றை இணையத்துடன் இணைத்து, அமெரிக்காவில் நடைபெற்ற கண்காட்சியொன்றில் காட்டினார். தொலைவிலிருந்தே அதனை இயக்க முடிந்தது. பாண் துண்டை மட்டும் ஒருவர் கையால் வைக்க வேண்டியிருந்தது! 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள், கோப்பிப் பாத்திரமொன்றின் எதிரே ஒரு கமராவைப் பொருத்தினர். படியிறங்கி வந்து வெறும் பாத்திரத்தைக் காணும் ஏமாற்றத்தைத் தவிர்ப்பதே அவர்களது நோக்கம். 1993இல் அக்காட்சி இணையத்தில் ஏறியபோது உலகெங்குமிருந்து மக்கள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம் இணையக் குளிர்சாதனப் பெட்டியை அறிமுகம் செய்தது. அதன் விலையைக் கேட்டே பலர் விலகிச் சென்றனர்.

இவை யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இயந்திரத்தால் என்ன செய்யமுடியும் என்ற வினாவிலிருந்தே இவை பிறந்தன. வீட்டில் இருக்கும் மனிதருக்கு என்ன நேர்கிறது என்ற வினாவிலிருந்து பிறந்த சாதனமொன்றும் அதே காலத்தில் தோன்றியது. அது பற்றி நம்மவர் அதிகம் அறிந்திலர்.

1996 ஏப்ரலில், டோக்கியோ நகரின் இகெபுக்குரோ பகுதியிலுள்ள குடியிருப்பொன்றில் 77 வயதுத் தாயும் நோயுற்ற 41 வயது மகனும் இறந்து கிடந்தனர். காரணம் பட்டினி. அவர்கள் இறந்து ஏறத்தாழ 20 நாட்களின் பின்னரே விடயம் வெளியே தெரியவந்தது. தாய் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு, அவர்களது இறுதி நாட்களை ஜப்பானியருக்கு எடுத்துச் சொன்னது. உலகின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றில், சுவருக்கு அப்பால் மனிதர் வாழ்ந்துகொண்டிருக்க, இருவர் பசியால் மடிந்தனர் என்பது அந்நாட்டையே உலுக்கியது.

இச்சம்பவத்தால் மனம் நொந்த மருத்துவர் ஒருவர், அன்றாடம் பயன்படும் பொருளொன்றைக் கொண்டு முதியோரின் நலனை அறிய வழியில்லையா என்று ‘சொஜிருஷி’ நிறுவனத்தைக் கேட்டார். 1918இல் ஒசாக்கா நகரில் இச்சிகாவா சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. சுடுநீர்ப் போத்தல் தயாரிப்பில் பெயர்பெற்றது. சொஜிருஷி என்றால் ‘யானை முத்திரை’ என்று பொருள்.

அதன் விளைவாக 2001 மார்ச்சில் ‘ஐ-பொட்’ எனும் மின்சாரக் கேத்தல் சேவைக்கு வந்தது. ஜப்பானிய முதியோர் காலையில் எழுந்ததும் பச்சைத் தேநீர் அருந்துபவர்கள். பகல் முழுவதும் சுடுநீரைத் தயாராக வைத்திருப்பவர்கள். கேத்தலுக்கு மின்சாரம் கொடுத்தாலோ, அதிலிருந்து நீர் ஊற்றினாலோ, உள்ளே பொருத்தப்பட்டுள்ள வானொலித் தொடர்புக் கருவி அச்செய்தியை அனுப்பிவிடும். தொலைவில் வசிக்கும் மகனுக்கோ மகளுக்கோ நாளொன்றுக்கு இரு தடவை மின்னஞ்சல் செல்லும். வெளியே புறப்படும்போது அழுத்துவதற்கென ஒரு பொத்தானும் உண்டு. மாதக் கட்டணம் 3,000 யென்னாக இருந்தது.

இதிலுள்ள நுட்பம் யாதெனில், முதியவர் புதிதாக எதனையும் கற்கவேண்டியதில்லை என்பதாகும். கமரா இல்லை, ஒலிவாங்கி இல்லை. அம்மா தேநீர் ஊற்றினார் என்பதற்கு மேல் அக்கேத்தல் எதனையும் சொல்வதில்லை. எனினும், பெற்றோரை வேவு பார்ப்பதாகாதா, மின்னஞ்சல் வந்துவிட்டதே என்று பிள்ளைகள் பேசுவதையும் நிறுத்திவிடமாட்டார்களா என்ற வினாக்கள் நியாயமானவையே. ஆயினும், அதே 2001ஆம் ஆண்டு ஓகஸ்டில் கேம்பிரிட்ஜ் கோப்பிக் கமரா நிறுத்தப்பட்டது. கேத்தல் சேவையோ 20 ஆண்டுகளைக் கடந்தும் தொடர்ந்தது.

அதனைப் பற்றி வாசித்தபோது என் நினைவிற்கு வந்தது அம்மாவின் ஈர்க்குமாறு.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நான் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்தேன். அம்மா வடமராட்சியில் தனியே இருந்தார். விடிவதற்கு முன் எழுந்து முற்றம் கூட்டுவது அவரது வாழ்நாள் வழக்கம். 2007இல் ஒருநாட் காலை அந்த ஓசை கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டு அக்கா, “மாமி, மாமி” என்று இரு தடவை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து பார்த்தபோது, அம்மா குசினி வாசலில் விழுந்து கிடந்திருக்கிறார். முச்சக்கர வண்டி பிடித்து அவரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். எனக்குச் செய்தி கிடைத்தது இரண்டு நாட்களின் பின்னர். அதற்குள் அம்மா கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார்.

போர் முடிந்த பின்னர் அந்த அக்காவும் பிள்ளைகளிடம் இலண்டனுக்குப் போய்விட்டார். எதிர்வீடு ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. அம்மா தொடர்ந்தும் முற்றம் கூட்டினார். அந்த ஓசையைக் கேட்பதற்குத்தான் எவருமில்லை. 2012இல் அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தேன். விருப்பமின்றியே வந்தார். கூட்டுவதற்கு முற்றமில்லாத மாடி வீட்டில் ஓராண்டு வாழ்ந்து மறைந்தார்.

இகெபுக்குரோவில் சுவருக்கு அப்பால் மனிதர் இருந்தும் செவிகொடுக்க எவருமில்லை. எங்கள் ஊரில் செவிகொடுத்தவர்களே புலம்பெயர்ந்துவிட்டனர். இரண்டு இடத்திலும் அயலவர் இல்லாத வெற்றிடத்திற்கே கருவி தேவைப்படுகிறது. அக்கருவியை நான் பழிக்கவில்லை. 2012இல் அப்படியொன்று கைக்கெட்டியிருந்தால், அம்மாவை அவரது மண்ணிலேயே விட்டிருக்கக்கூடும்.

ஆனால், கேத்தல் செய்தி மட்டுமே சொல்லும். செய்தி வராத நாளில் பொட்டுக்குள்ளால் நுழைந்து செல்ல ஒருவர் வேண்டும். தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இதுவே. ஊரிலுள்ள முதியவருக்குச் சாதனம் வாங்கி அனுப்பும் வாசகர்கள், அவரது வீட்டுத் திறப்பின் பிரதியொன்று அயலில் யாரிடம் உண்டு என்பதையும், அவரது தொலைபேசி இலக்கத்தையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாதனத்தைப் பிறகு வாங்கலாம்.